அடி விழும் இடம்

லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படும் ஓவியத் தொகுப்பு ஒன்று, கிரீனிச் அரச கவசப் பட்டறையில் 1576 முதல் 1608 வரை தலைமைக் கொல்லராக இருந்த ஜேக்கப் ஹால்டரின் பெயரால் அறியப்படுகிறது. பதினாறாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில், பெரும்பாலும் எலிசபெத் அரசியின் அவையைச் சேர்ந்த பிரபுக்களுக்காக அங்கே வடிக்கப்பட்ட கவசங்களை மையாலும் நீர்வண்ணத்தாலும் தீட்டி வைத்திருக்கும் அத்தொகுப்பில், ஒரு தாளில் தலை முதல் கால் வரை கவசம் பூண்ட உருவம் நிமிர்ந்து நிற்க, அதற்கு இணையான இன்னொரு தாளில் அதே கவசத்துக்குரிய உபரித் தகடுகள் தனித்தனியே வரையப்பட்டுள்ளன. கண்ணைக் கவர்வது முழு உருவந்தான். ஆயினும் கவசம் எப்படி வேலை செய்தது என்பதை அறிய விரும்புவோர் நின்று பார்க்க வேண்டியது உபரித் தகடுகளின் தாளைத்தான். உடலிலிருந்து பிரிந்து கிடக்கும் அத்தகடுகள் ஒவ்வொன்றும், எந்த வகைப் போட்டியில் எந்தத் திசையிலிருந்து எவ்வளவு வலுவான அடி வரும் என்று கொல்லரும் அணிபவரும் சேர்ந்து செய்த கணிப்பின் பதிவாக இருக்கிறது.

கிரீனிச் கவசம் ஒற்றைப் பொருளன்று. போர்க்களத்துக்கு ஒரு விதமாகவும், தடுப்புக்கு இருபுறமும் குதிரைகளை ஓட்டி ஈட்டியால் மோதும் போட்டிக்கு வேறு விதமாகவும், தரையில் நின்று கோடரியும் வாளும் கொண்டு பொருதும் போட்டிக்கு இன்னொரு விதமாகவும் கூட்டியும் குறைத்தும் அணியத்தக்க தொகுதியாக அது வடிவமைக்கப்பட்டது. இப்படி ஒரே அலங்கார வேலைப்பாட்டில் பல மாற்றுத் தகடுகளோடு செய்யப்படும் தொகுதியைக் கவச வரலாற்றாசிரியர்கள் கார்னிச்சர் என்று அழைக்கின்றனர். இன்று லண்டனிலோ சென்னையிலோ மேசையைச் சுற்றி அமர்ந்து பாத்திரமேற்று ஆடும் ஒருவர், தம் பாத்திரத்தின் குறிப்புத்தாளில் மெல்லுறைக் கவசத்தின் பைக்குள் கடினத் தகடு செருகப்பட்டிருப்பதாக எழுதி, அதற்குரிய எண்ணைக் கூட்டிக்கொள்ளும்போது, கிரீனிச்சில் சுத்தியலும் திருகாணியும் கொண்டு செய்யப்பட்ட அதே முடிவைத்தான் பென்சிலால் செய்கிறார். இரண்டுக்கும் நடுவே நான்கு நூற்றாண்டுகள் கிடந்தாலும், இவற்றின் உறவு மேலோட்டமான ஒற்றுமையைவிட ஆழமானது. ஏனெனில் கிரீனிச் தகடுகளில் பெரும்பகுதி செய்யப்பட்டதும் விதிகளும் மதிப்பெண்களும் வேடங்களும் உடைய ஓர் ஆட்டத்துக்காகவே.

வேடங்கள் என்ற சொல் இங்கே மிகையாகப் பயன்படுத்தப்படவில்லை. அரசி கேத்தரினுக்கு ஆண் குழந்தை பிறந்ததைக் கொண்டாட 1511 பிப்ரவரி 12, 13 ஆகிய நாள்களில் வெஸ்ட்மின்ஸ்டரில் நடந்த வீரவிளையாட்டில் எட்டாம் ஹென்றி தம் சொந்தப் பெயரில் களமிறங்கவில்லை. விசுவாசமுள்ள இதயம் என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயர் பூண்ட வீரராகவே இறங்கினார். அவரோடு நின்ற மூவரும் வீர விருப்பம், நல்லெண்ணம், மகிழ்ச்சியான எண்ணம் என்னும் பெயர்களைத் தாங்கியிருந்தனர். அந்த ஊர்வலத்தையும் மோதலையும் நீண்ட சுருளாகத் தீட்டிய ஓவியம் லண்டன் நகரின் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் என்னும் மரபுச்சின்ன அலுவலகத்தில் இன்றும் இருக்கிறது. கொண்டாட்டத்துக்குக் காரணமான குழந்தை அடுத்த சில நாள்களிலேயே இறந்துவிட்டது என்பதையும் அறிந்து பார்க்கும் கண்ணுக்கு, அந்த வண்ணங்களின் உற்சாகம் தாங்க முடியாததாகிறது. எலிசபெத்தின் காலத்தில் அவர் அரியணை ஏறிய நவம்பர் 17ஆம் நாள் ஆண்டுதோறும் இத்தகைய போட்டிகளுக்கு உரியதாயிற்று. இப்போது ஹார்ஸ் கார்ட்ஸ் அணிவகுப்புத் திடல் இருக்கும் வைட்ஹால் பகுதியில் ஒவ்வொரு பிரபுவும் ஒரு கதாபாத்திரமாக, தமக்கென்று எழுதப்பட்ட உரையோடும் பரிவாரத்தோடும் வந்து மோதினார். அரசியின் முதன்மை வீரராக 1590 வரை விளங்கிய சர் ஹென்றி லீயின் கவசம் ஒன்று, லண்டன் கோல்மன் தெருவிலுள்ள கவசக் கொல்லர் சங்கத்தின் மண்டபத்தில் இருக்கிறது.

இந்த ஆட்டத்தின் வடிவமே தகட்டின் இடத்தைத் தீர்மானித்தது. இரு வீரர்களும் நடுவிலுள்ள மரத்தடுப்பைத் தத்தம் இடப்புறம் வைத்துக் குதிரையை ஓட்ட, வலக்கையில் பிடித்த ஈட்டி குதிரையின் கழுத்துக்கு மேலாகக் குறுக்கே நீண்டு எதிராளியை நோக்கும். ஆகவே அடி ஏறக்குறைய எப்போதும் இடப்பக்கத்திலேயே விழும். கிராண்ட்கார்ட் என்னும் கூடுதல் தகடு, ஏற்கெனவே மார்புத் தகடு இருக்கும்போதே அதன் மேல் திருகி மாட்டப்பட்டு, மார்பையும் இடத் தோளையும் தலைக்கவசத்தின் கீழ்ப்பகுதியையும் மறைத்தது. பாஸ்கார்ட் இட முழங்கையைக் காத்தது. மானிஃபர் என்னும் விறைப்பான கையுறை, கடிவாளத்தைப் பிடிக்கும் இடக்கையை ஒரே நிலையில் பூட்டி வைத்தது. வலப்பக்கத்துக்கு இவற்றுக்கு நிகரான காப்பு ஏதும் சேர்க்கப்படவில்லை; சேர்த்திருந்தால் அது வீண் சுமையாக மட்டுமின்றி, ஈட்டியை ஏந்தும் கையின் அசைவுக்குத் தடையாகவும் ஆகியிருக்கும். இப்படி ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்த உடலோடு ஒருவர் போர்க்களத்துக்குப் போயிருந்தால் அவர் நெடுநேரம் தாக்குப்பிடித்திருக்க மாட்டார். விளையாட்டுத் திடலிலோ அவரைவிடப் பாதுகாப்பானவர் யாருமில்லை.

அடி எங்கே விழுந்தது என்பதற்கு மதிப்பெண்ணும் உண்டு. நான்காம் எட்வர்டின் ஆட்சியில் இங்கிலாந்தின் உயர் கான்ஸ்டபிளாக இருந்த வொர்செஸ்டர் பிரபு ஜான் டிப்டாஃப்ட் 1466இல் வகுத்த விதிகள், ஈட்டி எதிராளியின் உடலில் எப்பகுதியில் பட்டு முறிந்தது என்பதைக் கொண்டு வெற்றியை அளந்தன. குதிரையைத் தாக்கியவருக்குப் பரிசு மறுக்கப்பட்டது. மரபுச்சின்ன அலுவலர்கள் ஒரு நீள்சதுரம் வரைந்து, அதன் கோடுகளின்மேல் சிறு கீற்றுகளாக ஒவ்வொரு ஓட்டத்தின் விளைவையும் குறித்துவந்தனர். 1511ஆம் ஆண்டுப் போட்டிக்கான குறிப்புத்தாளும் கிடைத்துள்ளது. பாத்திரத்தின் பெயர், அது பெற்ற அடி, கொடுத்த அடி ஆகிய மூன்றும் ஒரே தாளில் அமைந்த இக்குறிப்பு, பின்னாளில் மேசையாட்டக்காரர்கள் நிரப்பிய தாள்களுக்கு முன்னோடி என்று நேரடியாக நிறுவ முடியாது. ஆயினும் ஒரே தேவையிலிருந்து பிறந்த ஒரே வடிவம் என்று துணிந்து சொல்லலாம்.

விதி மாறினால் தகடு என்ன ஆகும் என்பதற்கு 1520ஐவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. அவ்வாண்டு ஜூனில் கலே நகருக்கு அருகே பிரெஞ்சு அரசர் முதலாம் பிரான்சிஸை எட்டாம் ஹென்றி சந்தித்தபோது நடைபெறவிருந்த தரைப்போட்டிக்கென, உடலின் எந்த மடிப்பிலும் சதை வெளித்தெரியாதபடி அக்குள், முழங்காலின் பின்புறம், பிட்டம் உட்பட எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்று நகரும் தகடுகளால் மூடிய ஒரு கவசத்தை ஹென்றியின் கொல்லர்கள் உருவாக்கிக்கொண்டிருந்தனர். சுமார் 42 கிலோ எடையுள்ள அக்கவசம், இரும்பைக்கொண்டு மனித உடலைப் பின்தொடரும் கலையின் உச்சங்களுள் ஒன்று. போட்டிக்குச் சில மாதங்களே இருந்தபோது பிரெஞ்சுத் தரப்பு விதியை மாற்றி, இடுப்பிலிருந்து பாவாடைபோல் விரியும் டான்லெட் என்னும் தகட்டு வளையங்கள் உள்ள கவசமே அணிய வேண்டும் என்று அறிவிக்கவே, ஏறக்குறைய முடியும் நிலையிலிருந்த வேலை அப்படியே கைவிடப்பட்டு, இருந்த பழைய துண்டுகளையும் சேர்த்து அவசர அவசரமாக இன்னொரு கவசம் ஒப்பேற்றப்பட்டது. இரண்டுமே ராயல் ஆர்மரீஸ் சேகரிப்பில் தப்பிப் பிழைத்திருக்கின்றன. இடைவெளியே இல்லாத கவசத்தை ஈட்டியோ கோடரியோ வெல்லவில்லை. ஒரு அறிவிப்பு வென்றது.

காப்புக்குக் கொடுக்க வேண்டிய விலையையும் ஹென்றியின் வாழ்க்கை காட்டுகிறது. 1524 மார்ச்சில், தாமே வடிவமைத்த புதிய கவசத்தை அணிந்து ஓடிய அரசர் முகமூடித் தகட்டை இறக்க மறந்துவிட்டார். எதிரே வந்த சஃபோக் பிரபுவுக்கோ, தம் கனத்த தலைக்கவசத்தின் கீற்று வழியே அதைக் காண இயலவில்லை. ஈட்டி தலைக்கவசத்தில் மோதிச் சிதறி, சிம்புகள் உள்ளே நிறைந்தன. அரசர் காயமின்றித் தப்பினார். முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1559இல், பாரிஸ் நகரில் பிரான்சின் இரண்டாம் ஹென்றிக்கு அந்த நல்லூழ் வாய்க்கவில்லை. முகத்தகட்டின் வழியே நுழைந்த சிம்பு அவர் உயிரைக் குடித்தது. தலையை எவ்வளவு காக்கிறதோ அவ்வளவு பார்வையைப் பறிப்பது தலைக்கவசத்தின் இயல்பு. ஒரு வீரரின் பார்வை பறிபோனதற்கு இன்னொருவர் விலை கொடுக்க நேர்ந்திருக்கும் என்பதுதான் 1524ஆம் ஆண்டு நிகழ்ச்சியின் கூர்மை.

இத்தனையையும் ஒரு எண்ணாக மாற்ற முடியுமா என்ற கேள்வி இருபதாம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதியில் லண்டனுக்குத் திரும்பி வந்தது. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், பாத்திரமேற்று ஆடும் மேசையாட்டங்களுள் முதலாவதாக அச்சேறியது. சிலர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்க, ஆட்ட நடுவர் ஒருவர் சூழலை விவரிக்க, ஐயத்துக்குரிய செயல்களின் முடிவைப் பகடை சொல்லும் இந்த ஆட்டத்தை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்து விற்கும் உரிமையை, 1975இல் லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் ஒரு குடியிருப்பிலிருந்து கேம்ஸ் வொர்க்‌ஷாப் என்னும் நிறுவனத்தைத் தொடங்கிய இயன் லிவிங்ஸ்டன், ஸ்டீவ் ஜாக்சன், ஜான் பீக் ஆகிய மூவரும் பெற்றனர். 1977இல் ஒயிட் ட்வார்ஃப் இதழும், 1978இல் ஹாமர்ஸ்மித்தில் அவர்களது முதல் கடையும் வந்தன. பிரிட்டனின் ஒரு தலைமுறை, கவசம் என்பதை அந்த ஆட்டத்தின் கவச வகுப்பு என்னும் எண்ணின் வழியாகவே அறிந்துகொண்டது. கவசம் ஏதுமில்லாதவருக்கு 9, தோலுடுப்புக்கு 7, சங்கிலிக் கவசத்துக்கு 5, தகட்டுக் கவசத்துக்கு 3, கேடயமும் சேர்ந்தால் அதிலிருந்து ஒன்று கழியும் என்பது அதன் முதற்பதிப்பின் அட்டவணை. எண் குறையக் குறைய, இருபதுமுகப் பகடையில் எதிராளிக்குத் தேவைப்படும் தொகை கூடும்.

இந்த ஏற்பாட்டில் கவசம் அடியின் வலுவைக் குறைப்பதில்லை. அடி பயன்படாமல் போகும் வாய்ப்பை மட்டுமே கூட்டுகிறது. தவிர்த்து விலகியதும் தகட்டில் பட்டு வழுக்கியதும் ஒரே கணக்கில் அடங்கிவிடுகின்றன. வேகமாக ஆட இது வெகு வசதி. எனினும் அடி விழும் இடம் இதில் அறவே மறைந்துவிட்டது. இட முழங்கைக்கு ஒரு தகடு சேர்த்தவரும் வலத் தொடைக்குச் சேர்த்தவரும் ஒரே எண்ணைப் பெறுவார்கள் என்றால், கிரீனிச் பட்டறையின் அறிவு முழுவதும் அந்த அட்டவணைக்கு வெளியே நிற்கிறது.

1978இல் வந்த ரூன்குவெஸ்ட் ஆட்டம் இக்குறையை நேராக எதிர்கொண்டது. அதில் ஒவ்வோர் அடிக்கும் இருபதுமுகப் பகடை தனியே உருட்டப்பட்டு இடம் தீர்மானிக்கப்படும்: 1 முதல் 4 வரை விழுந்தால் வலக்கால், 5 முதல் 8 வரை இடக்கால், 9 முதல் 11 வரை வயிறு, 12 மார்பு, 13 முதல் 15 வரை வலக்கை, 16 முதல் 18 வரை இடக்கை, 19உம் 20உம் தலை. அந்தந்த இடத்தில் அணிந்த கவசத்தின் மதிப்பு அடியின் வலுவிலிருந்து கழிக்கப்படும். தேவராய சுவாமிகளின் கந்தர் சஷ்டி கவசத்தை நாள்தோறும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, காப்பு என்பது உறுப்பு உறுப்பாகக் கேட்டுப் பெற வேண்டியது, ஓர் உறுப்பை விட்டுவிட்டால் அது விடுபட்டதுதான் என்ற இந்தத் தருக்கம் புதிதாகத் தோன்றாது. இங்கேதான் ஒரு தகட்டைச் சேர்ப்பது என்னும் செயலுக்கு ஆட்டத்துக்குள் தெளிவான பொருள் கிடைக்கிறது: கைக்காசும் தாங்கும் வலுவும் அளவாக இருக்கும் பாத்திரம், மார்பைக் காப்பதா தலையைக் காப்பதா என்று தேர்ந்தாக வேண்டும். பகடையின் இருபது முகங்களில் மார்புக்கு ஒன்றுதான் என்பதைக் கவனித்த ஆட்டக்காரர், ஒருவேளை கால்களுக்கே முதலில் செலவிடுவார். உயிர் இருக்கும் இடத்தைவிட அடி வரும் இடத்தை அவர் காக்கிறார்.

டேவ் மாரிஸும் ஆலிவர் ஜான்சனும் எழுதி, லண்டன் கார்கி பதிப்பகம் 1985இல் மலிவுப் பதிப்பாக வெளியிட்ட டிராகன் வாரியர்ஸ் வேறொரு வழியைக் கண்டது. அதன் எளிமையும் கூர்மையும் இன்றும் பாராட்டத்தக்கவை. அடி பட்டதா என்பதை ஒரு பகடை முடிவுசெய்ய, பட்ட அடி கவசத்தைக் கடந்ததா என்பதை ஆயுதத்துக்கே உரிய இன்னொரு பகடை முடிவுசெய்கிறது. வாளுக்கு எண்முகப் பகடை; தகட்டுக் கவசத்தின் எண் 5. பகடையில் 6, 7, 8 விழுந்தால் மட்டும் வாள் கடந்து முழு வலுவோடு காயப்படுத்தும். இல்லையேல் ஒன்றுமே ஆகாது. எட்டில் மூன்று என்ற இக்கணக்கு, கவசத்தை அடியின் வலுவைச் சிறிது சிறிதாக உறிஞ்சும் பஞ்சாகக் கருதாமல், கடக்கப்படும் அல்லது கடக்கப்படாத எல்லையாகக் கருதுகிறது. எஃகுத் தகட்டின் முன் வாளின் நிலை ஏறக்குறைய அதுதான்.

செருகு தகடு என்னும் இன்றைய பொருளுக்கு வரும்போது சிக்கல் இரட்டிப்பாகிறது. அராமிட் இழைகளை அடுக்கடுக்காக நெய்த மெல்லுறைக் கவசம், கைத்துப்பாக்கிக் குண்டின் ஆற்றலை அகலப் பரப்பி அதை வலைபோல் பிடித்து நிறுத்தும்; நீள்துப்பாக்கிக் குண்டு அதைத் துளைத்துச் செல்லும் என்பதால், மெல்லுறையின் முன்னும் பின்னும் உள்ள பைகளில் பீங்கான் வகைத் தகடு செருகப்படுகிறது. அலுமினாவோ போரான் கார்பைடோ கொண்டு செய்த அதன் முகம் குண்டின் நுனியை நொறுக்கித் தானும் நொறுங்க, பின்னுள்ள இழையடுக்கு சிதறல்களை ஏந்திக்கொள்கிறது. இத்தகடுகளுள் ஒரு வகை, பின்னே மெல்லுறை இருந்தால் மட்டுமே தனக்குரிய தரத்தை எட்டும் என்று சோதித்துச் சான்றளிக்கப்படுவது. அதாவது தகட்டுக்கென்று தனி மதிப்பு இல்லை, சேர்க்கைக்குத்தான் மதிப்பு. ஆகவே, உறைக்கு ஒரு எண், தகட்டுக்கு ஒரு எண், இரண்டையும் கூட்டு என்று சொல்லும் விதிநூல் பொருளின் இயல்பையே தவறவிடுகிறது.

1990இல் மைக் பாண்ட்ஸ்மித் வெளியிட்ட சைபர்பங்க் 2020 இதை உணர்ந்திருந்தது. அதில் இரண்டு கவசங்களை ஒன்றன்மேல் ஒன்று அணிந்தால் அவற்றின் எண்கள் நேராகக் கூட்டப்படுவதில்லை. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டு, வேறுபாடு குறைவாக இருந்தால் கூடுதலாகவும், மிகுந்திருந்தால் சொற்பமாகவும் பெரிய எண்ணோடு சேர்க்க வேண்டும். எண் 14 உடைய மேற்சட்டைக்கு அடியில் எண் 10 உடைய மெல்லுறையை அணிந்தவருக்கு 24 கிடைக்காது, 19 கிடைக்கும். வலுவானதன் அருகில் வலுவற்றதைச் சேர்ப்பதால் பெரும்பயன் இல்லை என்ற நல்லறிவு இதில் இருக்கிறது. கவசத்தைக் கடந்த ஒவ்வொரு குண்டும் அவ்விடத்துக் கவச எண்ணில் ஒன்றைக் குறைத்துவிடும் என்ற விதியும் அதில் உண்டு. ஒருமுறை நொறுங்கிய பீங்கான் அதே இடத்தில் மறுமுறை அதே காப்பைத் தராது என்பதை அறிந்தவர்களுக்கு இவ்விதியின் நேர்மை விளங்கும். அடுக்கு கூடக் கூட உடலின் சுறுசுறுப்பு குறைவதையும் அது கணக்கில் கொண்டது.

அடியின் வகை என்பது மற்றொரு சிக்கல். லண்டன் மாநகரக் காவலர்கள் இன்று அன்றாடம் அணியும் மேலங்கி, கத்திக்குத்தையும் துப்பாக்கிக் குண்டையும் வெவ்வேறு ஆபத்துகளாகக் கொண்டு பிரிட்டிஷ் உள்துறை வகுத்த தரவரையறையின்கீழ் வருவது. மழுங்கிய நுனியுள்ள குண்டை இழைகள் பற்றிக்கொள்ளும். கூரிய கத்தியோ இழைகளை விலக்கியும் அறுத்தும் உள்ளே நழுவும். ஒன்றுக்கு எதிரான காப்பு மற்றொன்றுக்குத் தானாக வாய்த்துவிடுவதில்லை. 1989இல் வந்த ஷேடோரன் ஆட்டம், கவசத்துக்குக் குண்டெதிர்ப்பு, மோதலெதிர்ப்பு என இரண்டு எண்களைக் கொடுத்ததும் இதனால்தான். காவலர் ஒருவர் பணிநேரம் முழுதும் அந்த மேலங்கியைச் சுமந்து நடக்கிறார், ஓடுகிறார், அமர்ந்து எழுதுகிறார். அந்நேரத்தின் மிகப் பெரும்பகுதியில் எந்த அடியும் விழுவதில்லை. சுமை மட்டும் தொடர்ந்து விழுகிறது. ஆட்டங்களின் விதிநூல்கள் பெரும்பாலும் மோதல் நடக்கும் சில நொடிகளை மட்டுமே எண்ணுவதால், கவசத்தின் வாழ்நாளில் மிக நீண்ட இப்பகுதி அவற்றுக்குள் வருவதே இல்லை.

கிரீனிச் கொல்லர்கள் இதை அறிந்திருந்தனர். 1527ஆம் ஆண்டு பொறிக்கப்பட்டு, எட்டாம் ஹென்றிக்காகச் செய்யப்பட்டதாகப் பெரிதும் கருதப்படும் கவசத் தொகுதி ஒன்று இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் மார்புத் தகட்டுக்கு உட்புறம், வயிற்றின்மேல் வாரிட்டு இறுக்கிக் கட்டும் தனித்தகடு ஒன்று உண்டு; மார்புத் தகடு அதனோடு பிணைக்கப்படும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது தெரியாது. அது தோளில் இறங்கும் எடையைத் தாங்கி உடலின் நடுப்பகுதிக்கு மாற்றுவதற்காகச் செருகப்பட்டது. அதைக் குறிப்புத்தாளில் எழுத முற்படும் ஆட்டக்காரர் கவச எண்ணின் கட்டத்தில் எதையும் கூட்ட முடியாது. மொத்த எடையின் கட்டத்திலோ கொஞ்சம் கூட்டியே ஆக வேண்டும். கணக்கின்படி அந்தத் தகடு அணிபவரை மேலும் தளர்த்தும். அணிந்தவரின் தோளின்படி அது அவரை விடுவிக்கும். எடை எவ்வளவு என்பதோடு அந்த எடை உடலில் எங்கே அமர்கிறது என்பதையும் கேட்கும் விதி எழுதப்பட்டால்தான் கிரீனிச்சின் அந்த உட்தகடு ஒரு மேசையாட்டத்துக்குள் தன் வேலையைச் செய்யும். அப்படியொரு விதிக்குத் தேவைப்படுவது குறிப்புத்தாளில் தோளுக்கும் இடுப்புக்கும் தனித்தனியாக இரண்டு கட்டங்கள்.